எஸ்டெலின் நடு மூன்று குண்டுகள்

எஸ்டெல் கின்னமனைப் பற்றி எழுத உட்காரும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது. அவன் என் தங்கை ரீபாவின் கணவன். இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவன். ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். அந்தத் தங்கத்தோடு பதினொரு வருடம் மல்லுக்கட்டியவன் நான் ஒருவன்தான்.

நான் வெர்லின். டென்னசி மலைப்பக்கம் லாரல் கிரீக்கில் துப்பாக்கி செய்கிறேன். கடையில் தொங்குகிற ரகம் இல்லை, எங்கள் முப்பாட்டன்கள் சுமந்து வந்த ரகம். குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, எண்ணெய்த் துணியில் பொதிந்த ஈயக்குண்டை அதன்மேல் வைத்து, கோலால் இடித்து இறக்கிச் சுட வேண்டும். ஒரு வேட்டுக்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அவசரக்காரனுக்கு இது ஆகாது.

ஒவ்வொரு அக்டோபரிலும் இரண்டாவது சனிக்கிழமை, தேவாலயத்துக்குக் கீழே இருக்கிற மேய்ச்சல் நிலத்தில் எங்கள் போட்டி நடக்கும். மண்ணில் குப்புறப் படுத்து, குழலை ஒரு மரக்கட்டைமேல் சாய்த்து, அறுபது கெஜத்துக்கு அப்பால் நிற்கிற கரிபூசிய பலகையைச் சுட வேண்டும். பலகையில் அவனவன் பேனாக்கத்தியால் கீறிய ஒரு சிலுவைக்கோடு இருக்கும். ஆளுக்குப் பத்துக் குண்டு. சுட்டு முடிந்ததும் ஒவ்வொரு ஓட்டையிலும் குச்சி செருகி, சிலுவையின் நடுவிலிருந்து ஒவ்வொரு குச்சிக்கும் ஒரே கயிற்றை விட்டு அளந்துகொண்டே போவோம். கடைசியில் யாருடைய கயிறு குட்டையோ அவன் ஜெயித்தவன்.

பரிசு ஒரு மாடு. முதல் இரண்டு பேருக்குப் பின்தொடைகள். அடுத்த இருவருக்கு முன்பக்கம். ஐந்தாவது வருகிறவனுக்குத் தோலும் கொழுப்பும். அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

எஸ்டெல் பதினொரு வருடத்தில் ஆறு முறை ஐந்தாவதாக வந்தான். மீதி ஐந்து முறை அதுவும் இல்லை.

"அண்ணே, இன்னொரு தோல் இந்த வாசப்படி ஏறிச்சுன்னா நான் இறங்கிப் போயிடுவேன், சொல்லிட்டேன்" என்று ரீபா ஒரு தடவை என்னிடம் கத்தினாள். "கொட்டகையில ஆறு தோல் கெடக்கு. நாய்கூடக் கிட்டப் போக மாட்டேங்குது. ஒரே ஒரு தடவை ஒரு தொடைக்கறி கொண்டாந்தா என்ன கொறஞ்சு போயிடுவாரு உங்க மாப்பிள்ள?"

அவன் கொண்டுவர ஆசைப்படவில்லை என்றா நினைக்கிறீர்கள்? பணிஓய்வு பெற்ற அன்றைக்கு அவனுக்குக் கைக்கடிகாரம் கொடுத்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் அவன் பேசியது போட்டியைப் பற்றித்தான். "ஒரே ஒரு தடவை, மச்சான். நீ செஞ்ச துப்பாக்கிய வச்சு நான் ஜெயிச்சேன்னு ஒரு தடவை சொல்லணும்." அதைக் கேட்டு எனக்குத் தொண்டை அடைத்தது உண்மை. அடுத்த அக்டோபரில் அவன் சுட்டதைப் பார்த்தபோது அவன் தொண்டையை நெரிக்கலாம் போல இருந்ததும் உண்மை.

கோபம் ஏன் என்றால், அவனுக்குச் சுடத் தெரியாமல் இல்லை. அவனுடைய பலகையை எப்போது எடுத்துப் பார்த்தாலும் ஒரே கதை. முதல் மூன்று குண்டு சிலுவைக்கு மேலே, ஒன்று இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் என்று கிறுக்குப்பிடித்த மாதிரி. பிறகு நாலாவது, ஐந்தாவது, ஆறாவது வரும். அந்த மூன்றும் சிலுவையிலேயே, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு விழும். ஒரு வருடம் அந்த மூன்றையும் ஒரே காப்பிக் கோப்பையின் அடிப்பாகம் மறைத்தது என்று சொன்னால் குறைத்துச் சொல்கிறேன், கட்டைவிரல் நகமே மறைத்தது. அந்த மைதானத்தில் அப்படி மூன்று குண்டு போடக்கூடிய ஆள் வேறு கிடையாது. பிறகு ஏழாவதிலிருந்து இறங்க ஆரம்பிக்கும். எட்டு அதற்குக் கீழே, ஒன்பது இன்னும் கீழே. பத்தாவது பலகையின் அடியில் போய் உட்கார்ந்திருக்கும்.

இதற்கு ஊரில் ஆளுக்கொரு விளக்கம். ஆர்லிஸ் டாக்கெட் என்று ஒருவர் இருக்கிறார். கல்லறைக்கல் வெட்டுவது அவர் தொழில், தொடைக்கறி தூக்கிக்கொண்டு போவது அவர் பழக்கம். வாயும் அவருக்குக் கொஞ்சம் நீளம்.

"ஆரம்பத்துல பயம். நடுவுல தெளிவு. கடைசியில கறிக்கொழம்பு வாசம் மூக்குல ஏறிடுது" என்பார். "எஸ்டெலு, உன் துப்பாக்கிக்கு ஒரு கல்லு வெட்டி வச்சிருக்கேன்டா. பேரு மட்டும்தான் பாக்கி. இப்பவே வெட்டட்டா, அடுத்த வருஷம் பாத்துக்கலாமா?"

எஸ்டெல் சிரிப்பான். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம், ஆர்லிஸ் அண்ணே."

நான் சிரிக்கவில்லை. சிரிக்க என்ன இருக்கிறது? அது நான் செய்த துப்பாக்கி. பத்தொன்பது பவுண்டு எடை. குழலின் உள்ளே குண்டைச் சுழற்றுகிற திருகுவரி வெட்ட மட்டும் எனக்கு ஒன்பது நாள் ஆனது. என் பட்டறைக்குப் பின்னால் நானே படுத்து, என் துணியை வைத்து, எத்தனையோ தடவை சுட்டுப் பார்த்திருக்கிறேன். பத்தும் சிலுவையைச் சுற்றியே விழும். அப்படியானால் கோளாறு யாரிடம்? எஸ்டெலிடம்தான். எஸ்டெலைத் தவிர வேறு யாரிடமும் இருக்க வழியில்லை. பதினொரு வருடம் நான் இதைத்தான் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மூச்சைப் பிடி என்றேன், பிடித்தான். கண்ணாடியை மாற்று என்றேன், மாற்றினான். காலையில் காப்பி குடிக்காதே என்றேன், விட்டுவிட்டான். இன்றுவரைக்கும் அவன் காப்பி குடிப்பதில்லை.

அவன் அப்படித்தான். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆள். எங்கள் அம்மா, அவன் கல்யாணமான புதிதில், "சேறோட பூட்ஸைப் போட்டுக்கிட்டு உள்ள வராதீங்க மாப்பிள்ள" என்று ஒரு மழைநாளில் சொன்னாள். அம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது. அந்த வீட்டில் தரையெல்லாம் சிமெண்டு போட்டு இப்போது நான் டிராக்டர் சாமான் அடுக்கி வைத்திருக்கிறேன். இன்றைக்கும் அவன் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, காலுறையோடு அந்தச் சாமானுக்கு நடுவே நடந்து வருவான். பேருந்து ஓட்டிய காலத்தில் டில் குடும்பத்து வீட்டு நிறுத்தத்தில் இரண்டு நிமிடம் காத்திரு, அந்தப் பெண் காலைச் சாய்த்து நடக்கும் என்று தலைமையாசிரியர் சொன்னாராம். அந்தப் பெண் படிப்பு முடித்து, கல்யாணம் முடித்து, நாக்ஸ்வில்லில் போய்க் குடியேறிவிட்டாள். இவன் ஓய்வு பெறும் நாள்வரை அங்கே இரண்டு நிமிடம் நின்றான். ஏனடா என்று கேட்டால், "வேண்டாம்னு யாரும் சொல்லலியே" என்றான். இப்படிப்பட்டவனிடம் பேசும்போது வாயை எண்ணித் திறக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

போன வருடம் வசந்தத்தில் எங்கள் சண்டை முற்றியது. தீவனக்கடையில் யாரோ அவனைச் சீண்டியிருக்கிறார்கள். அவன், வாழ்க்கையில் முதல் தடவையாக, "குழல்ல லேசா ஏதாச்சும் கோணல் இருக்குமோ என்னமோ" என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான். ஒரு வாரத்துக்குள் அந்த 'இருக்குமோ என்னமோ' உதிர்ந்துபோய், வெர்லின் செய்த குழல் கோணல், அவன் மச்சானே சொல்கிறான் என்று ஊரெல்லாம் ஆகிவிட்டது. என்னிடம் துப்பாக்கி செய்யச் சொல்லியிருந்த இரண்டு பேர் இப்போதைக்கு வேண்டாம் என்று ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினார்கள்.

நேரே அவன் வீட்டுக்குப் போனேன்.

"என் குழல் கோணலாடா?"

"நான் அப்படிச் சொல்லல, மச்சான்."

"அப்ப எப்படிச் சொன்ன?"

"இருக்குமோ என்னமோன்னு சொன்னேன்."

"கோணலான குழல் எப்படிடா நடு மூணு குண்டை மட்டும் நேராப் போடும்? முதல்ல கோணி, நடுவுல நிமிந்து, கடைசியில திரும்பக் கோணிக்குமா? அது குழலா, பாம்பா?"

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். அவன் யோசித்தால் நாம் உட்கார்ந்துவிடுவது நல்லது.

"அதுவும் சரிதான்" என்றான் கடைசியில். "அப்ப ஒண்ணு செய்வோம். இந்த வருஷப் போட்டியிலயும் நடக்கலேன்னா, போட்டி முடிஞ்சதும் என் துப்பாக்கிய ஆர்லிஸ் அண்ணன் சுடட்டும். அவரும் செதறடிச்சார்னா கொறை குழல்ல. நல்லாச் சுட்டார்னா கொறை என்கிட்ட. அதுக்கப்புறம் நான் அந்தக் கட்டைக்குப் பின்னால படுக்க மாட்டேன்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

நான் சரி என்றேன். என் குழலின் பெயரைக் காப்பாற்றுவதுதான் அப்போது எனக்குப் பெரிதாக இருந்தது.

அக்டோபர் வந்தது. மேகம் இல்லை, காற்று இல்லை, சுடுவதற்கு அதைவிட நல்ல நாள் அமையாது. எஸ்டெல் எப்போதும்போலத் தன் தகர டப்பாவைத் திறந்து, சுருட்டி வைத்திருந்த கோடு போட்ட தலையணைத் துணியை எடுத்தான். அதை ஒரு முழ நீளப் பட்டைகளாகக் கிழித்து எண்ணெயில் நனைத்துக் காயவைத்துக் கொண்டுவருவோம். பட்டையின் நுனியைக் குழல்வாயில் விரித்து, அதன்மேல் குண்டை வைத்து அமுக்கி, மிஞ்சிய துணியைக் கத்தியால் அறுத்துவிட்டு, கோலால் உள்ளே இறக்க வேண்டும். ஒரு பட்டைக்குப் பத்துக் குண்டு வரும்.

இந்தத் துணி விஷயம் எங்களுக்குள் கொஞ்சம் அந்தரங்கமானது. குண்டு, குழலைவிட மயிரிழை சிறியது. அதை இறுக்கிப் பிடித்துத் திருகுவரியோடு சுழலவைப்பது துணிதான். எண்ணெய் போதாவிட்டால் துணி கருகிக் கிழியும். அதிகமானால் குண்டு வழுக்கும், மருந்தும் நனையும். இரண்டிலும் குண்டு தன்னிஷ்டத்துக்குப் போகும். அதனால் யார் எந்த எண்ணெய், எவ்வளவு, எப்படி என்று ஒருவரை ஒருவர் கேட்க மாட்டோம். கேட்பது அடுத்தவன் பல்துலக்கியை இரவல் கேட்பதுபோல. ஒருவன் துணியை இன்னொருவன் தொடவும் மாட்டான். எஸ்டெலின் துணியை நானும் தொட்டதில்லை, தொடத் தேவையும் இருக்கவில்லை. அவனுக்கு எண்ணெய்ப் பக்குவம் சொல்லிக் கொடுத்ததே நான்தானே. என் துணியும் அவன் துணியும் ஒன்றுதான் என்று சத்தியமே செய்திருப்பேன்.

எஸ்டெல் படுத்தான். முதல் மூன்று மேலே சிதறின. நடு மூன்றும் சிலுவையைத் தின்றன. அப்போது நான் என்னை அறியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு, அப்படியே இரு, அப்படியே இரு என்று முணுமுணுத்தேன். ஏழாவது இறங்கியது. பத்தாவது எங்கே போனது என்று தேடவேண்டியிருந்தது. அவன் கயிறு பதினேழே முக்கால் அங்குலம். ஆறாவது இடம். இந்தத் தடவை தோல்கூட இல்லை.

அவன் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். பதினாலு பேர் நின்றிருந்தோம்.

"ஆர்லிஸ் அண்ணே, ஒரு உதவி. இந்தத் துப்பாக்கிய நீங்க சுடணும். இது நல்லாச் சுட்டுச்சுன்னா நான் இனிமே சுடறத விட்டுடறேன்."

"விளையாட்டாத்தானே சொன்னேன்டா, எஸ்டெலு."

"நீங்க சுடுங்க."

ஆர்லிஸ் படுத்தார். எஸ்டெலின் துப்பாக்கி, எஸ்டெலின் மருந்து, எஸ்டெலின் குண்டு. எஸ்டெல் தன் துணிப் பட்டையையும் நீட்டினான். ஆர்லிஸ் பழக்கதோஷத்தில் கையை விலக்கிக்கொண்டு, தன் சட்டைப்பையிலிருந்து தன் துணியை எடுத்தார். பதினாலு பேர் பார்த்தோம். ஒருவனுக்கும் எதுவும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? அடுத்தவன் துணியை யார் வாங்குவான்?

பத்துக் குண்டு. கயிறு எட்டே கால் அங்குலம். அன்று ஜெயித்த அவருடைய சொந்தக் கயிற்றைவிட அது குட்டை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தொப்பியைக் கழற்றி வானத்தில் எறிந்தேன். "யாருடா கோணல்னு சொன்னது? இப்ப சொல்லுங்கடா!" என்று கத்திக்கொண்டு பலகையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி ஒவ்வொருத்தன் மூக்குக்கு நேராகவும் காட்டினேன். ஐம்பத்தொன்பது வயதில் ஆடினேன். ஆடி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது எஸ்டெல் தன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தான்.

"நல்ல குழல், மச்சான்" என்றான். "தப்பாப் பேசிட்டேன். மன்னிச்சுக்கோ." துப்பாக்கியை என் வண்டியில் பத்திரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, பூட்ஸ் சத்தம்கூடக் கேட்காமல் மேட்டில் ஏறிப் போய்விட்டான்.

அடுத்த வாரம் ரீபாவின் துவைக்கும் இயந்திரத்தில் பெல்ட் அறுந்துவிட்டது என்று போனேன். எஸ்டெல் உள்ளே பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துத் தலையாட்டினான், அவ்வளவுதான். ரீபா என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனாள்.

"வந்ததுதான் வந்தீங்க, இந்தக் கந்தலையெல்லாம் எடுத்துட்டுப் போங்கண்ணே. அவரு எடுக்கவும் மாட்டேங்குறாரு, என்னைத் தொடவும் விட மாட்டேங்குறாரு. பதினொரு வருஷமா என் கொடியில பாதி இதுக்குத்தான்."

கொடியில் ஏழெட்டுப் பட்டைகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றும் ஒரு முனையில் ஒரு கவ்வியோடு, ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில். அவன் வேலை அப்படித்தான் இருக்கும். மேல்முனையில் துணி வெள்ளையாக, காகிதம்போல விறைத்திருந்தது. கீழே போகப் போக மஞ்சள். அடிமுனை பழுப்பாகி, கண்ணாடித்தாள்போல மினுங்கியது. அதைப் பிடித்துப் பார்த்தேன். விரல் பிசுபிசுத்தது. மேல்முனையைப் பிடித்தேன். எலும்பாக உலர்ந்திருந்தது.

துவைக்கும் இயந்திரத்தின்மேலேயே உட்கார்ந்தேன்.

நாங்கள் பயன்படுத்துவது என் கடைசல் இயந்திரத்தில் இரும்பு அறுக்கும்போது ஊற்றுகிற எண்ணெய். தண்ணீரில் கலந்தால் பால் மாதிரி ஆகும். துணியை அதில் நனைத்து எடுத்தால் தண்ணீர் காய்ந்து எண்ணெய் மட்டும் துணியில் நிற்கும். கிடையாகப் போட்டால் எல்லா இடத்திலும் சமமாக நிற்கும். தொங்கவிட்டால் எண்ணெய் இறங்கிவிடும். மேலே துளிகூட இருக்காது, கீழே வழியும், நடுவில் மட்டும் சரியாக இருக்கும். மேல்முனையிலிருந்து ஆரம்பித்துப் பத்துக் குண்டுக்கு அறுத்தால் முதல் மூன்று கருகும், கடைசி நாலு வழுக்கும். நடு மூன்று சிலுவையைத் தின்னும்.

ஒழுங்கில்லாத ஒருவனாக இருந்தால் ஒரு நாள் மேலிருந்து, ஒரு நாள் கீழிருந்து என்று மாற்றி அறுத்திருப்பான், எங்காவது சந்தேகம் தட்டியிருக்கும். எஸ்டெல் மாற்றவே இல்லை.

நான் ஒரு பட்டையை உருவிக்கொண்டு, பெல்ட்டையும் மாட்டாமல் பட்டறைக்கு ஓடினேன். அவன் துப்பாக்கியை எடுத்து, அவன் துணியில் மேலிருந்து கீழாக நானே பத்துக் குண்டு சுட்டேன். பலகையைப் போய்ப் பார்த்தேன். அது எஸ்டெலின் பலகை. யார் காட்டினாலும் எஸ்டெல் சுட்டது என்றுதான் சொல்லியிருப்பேன்.

பலகையோடு அவன் வீட்டுக்குத் திரும்பினேன். உண்மையைச் சொல்கிறேன், போகும் வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டுதான் போனேன். முட்டாள், மடையன், எந்த மனுஷனாவது எண்ணெய்த்துணியைக் கொடியில் தொங்கவிடுவானா? பலகையை அவன் முன்னால் மேஜைமேல் போட்டேன். பீன்ஸ் சிதறியது.

"இது நான் சுட்டது. உன் துணியில. உன் கையில கொறை இல்லடா. துணிய யாருடா உன்னைத் தொங்கவிடச் சொன்னது?"

அவன் பலகையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். எழுந்துபோய், அலமாரியிலிருந்து பேருந்துக் காலத்துச் சின்ன நோட்டு ஒன்றை எடுத்து வந்தான். முதல் பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினான். பென்சில் எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. 'வெர்லின் சொன்னது. எண்ணெய் ஒரு பங்கு. தண்ணீர் ஆறு பங்கு. நனைத்துப் பிழிந்து காயும்வரை தொங்கவிட வேண்டும்.'

"நீதான், மச்சான்" என்றான்.

எனக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்குப் பட்டறையில் கடைசல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. இவன் பின்னால் நின்று கேட்டான். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், நனைச்சுப் பிழிஞ்சு எங்கயாச்சும் தொங்கவிடு, காஞ்சிடும் என்றேன். நான் என் துணியைத் தொங்கவிடுகிறவனா? கிடையாது. கொடிவரைக்கும் நடக்கச் சோம்பல்பட்டு அடுப்புமேல் கிடக்கிற தகரத்தில் விசிறிப்போடுகிறவன். என் சோம்பல் என் துணியைக் காப்பாற்றியது. என் வாய் அவன் துணியைக் கெடுத்தது.

"பதினொரு வருஷம், மச்சான்" என்றான் எஸ்டெல். அவன் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவன் வெளியே போய் வண்டியில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, எஞ்சினைப் போடாமல் உட்கார்ந்திருந்தான். இங்கே ரீபா என்னைப் பிடித்துக்கொண்டாள். ஆறு தோல், விட்ட காப்பி, பாதிக் கொடி என்று ஒன்று விடாமல் எல்லாவற்றையும் என் தலையில் கொட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன்.

அரைமணி நேரம் கழித்து அவன் உள்ளே வந்தான். நான் பாய்ந்து எழுந்தேன்.

"மாப்பிள்ள, நான் பதினாலு பேர்கிட்டயும் சொல்றேன். கூப்பிட்டு வச்சுச் சொல்றேன். தப்பு என்னுதுன்னு சொல்றேன். அடுத்த அக்டோபர்ல நீ படுக்கற, தொடைக்கறிய ஜெயிக்கற."

"இல்ல. நான் சுட மாட்டேன்."

"என்ன?"

"சொல்லிட்டேனே. துப்பாக்கி நல்லாச் சுட்டா விட்டுடறேன்னு சொன்னேன். நல்லாச் சுட்டுது."

"ஆர்லிஸ் தன்னோட துணியிலதானடா சுட்டாரு! அது செல்லாது!"

"துணியப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலியே, மச்சான். துப்பாக்கின்னுதான் சொன்னேன்."

கத்தினேன். மேஜையைத் தட்டினேன். கெஞ்சினேன்கூட. டில் வீட்டு வாசலில், அங்கே இல்லாத பெண்ணுக்காக இரண்டு நிமிடம் நின்றவனிடம் யார் என்ன கத்தி என்ன ஆகப்போகிறது? நான் பேச்சுவாக்கில் சொன்னதைப் பதினொரு வருடம் காத்தவன், தானே நின்று நிதானமாகச் சொன்னதைவிட்டு நகர்வானா? வாக்குக் கொடுத்த அன்றைக்கு, சரி என்று தலையாட்டியவனும் நான்தான்.

நான் பதினாலு பேரிடமும் சொன்னேன். ஆர்லிஸ் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு எஸ்டெல் வீட்டுக்குப் போய், வா என்று அவரும் கூப்பிட்டுப் பார்த்தார். பதில் அதேதான். எஸ்டெல் கின்னமனுக்குக் கை நடுக்கம் என்று இன்னும் யாராவது நினைத்துக்கொண்டிருந்தால், இல்லை. அவன் எங்கள் எல்லோரையும்விட நன்றாகச் சுடுகிறவன். அவன் கெட்டது என் பேச்சால்.

அன்றைக்கு நான் கத்தி ஓய்ந்து நாற்காலியில் விழுந்த பிறகு, அவன் எனக்கு எதிரே உட்கார்ந்தான். நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பினான். பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டான்.

"நீ சுடு, மச்சான். என் துப்பாக்கியில சுடு. துணி நான் காயவச்சுத் தர்றேன். எப்படின்னு சொல்லு."

நான் வாயைத் திறந்தேன்.

"மெதுவாச் சொல்லு" என்றான்.

வாயை மூடிக்கொண்டேன். ரீபா கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். நான் நெடுநேரம் யோசித்தேன். கிடையாகப் போடு என்று சொல்ல வந்தேன். எதன்மேல் என்று சொல்லாவிட்டால் மண்ணில் போடுவான். வெயில் என்றால் வெயிலிலேயே கிடக்கும். காயும்வரை என்றால் எதுவரை?

"வழவழப்பான தகரத்து மேல" என்றேன். "மட்டமா, கிடையா. ஒண்ணு மேல ஒண்ணு படாம."

எழுதிக்கொண்டான். "திருப்பிப் போடணுமா?"

"ஒரே ஒரு தடவை."

"எவ்வளவு நேரம் கழிச்சு?"

எனக்குத் தெரியவில்லை. நாற்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், அதை ஒரு தடவைகூட நான் பார்த்து வைத்ததில்லை.

"தெரியல, மாப்பிள்ள" என்றேன். "நாளைக்கு ரெண்டு பேருமா உக்காந்து பாப்போம்."

அவன் அதையும் எழுதிக்கொண்டான்.